முப்பதாம் லெவல் கச்சேரி

மக்கிலியான்பேட்டைத் தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடிப் பதினோராவது வருஷம், மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மாலை மூன்றரை மணிக்கு, ஆறாம் நம்பர் குழியிலிருந்து யாரோ கிடாருக்குச் சுருதி கூட்டுகிற சத்தம் மேலே வந்தது. முதலில் கேட்டவள் பொற்கொடி. நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை அவளுக்கு. வால்வு திருகுகிற ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழியைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலியோரமாகப் போனவள், நின்றாள், காது கொடுத்தாள், எஃப் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் விடும் நேரம் தாண்டுகிறதே என்று போய் முதலில் வால்வைத் திறந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எட்வின் ஏசடியான் வீட்டுக்குப் போனாள்.

எட்வினுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, ஆறாம் நம்பர் குழிக்குள்ள யாரோ கிடார் வாசிக்கிறாங்க."

"எந்தக் கம்பியில ஆரம்பிச்சுது?"

"மெல்லிசுக் கம்பியில."

எட்வின் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். எல்லாரும் தடித்த கம்பியிலிருந்து சுருதி கூட்டத் தொடங்குவார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே கற்றுக்கொண்டதால் மெல்லிசுக் கம்பியிலிருந்து தொடங்கிய ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான். "அப்ப அது நான்தான்," என்றார்.

மறுநாள் மூன்றரைக்கு வேலியோரம் முந்நூறு பேர் நின்றார்கள். அன்றும் கால்மணி நேரம்தான் சத்தம் வந்தது: பூட்ஸ் நடந்தது, யாரோ இருமினார், ஒரு கிளாரினெட் இரண்டு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டது, பிறகு டிரம்மின் மேல் குச்சி மூன்று தட்டுத் தட்ட நாலு வாத்தியமும் சேர்ந்து கிளம்பின. இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், ஊரில் யாரும் கேட்கவில்லை, சுரங்கத்தில் பம்பு ஓட்டி ஓய்வுபெற்ற காதர் பாய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பம்ப நிறுத்தி பதினோரு வருஷம் ஆச்சு. தண்ணி முப்பதாம் லெவலுக்கு ஏறிடுச்சு. அங்க இருந்தது மேல வருது. வேற எங்க போவும்?" என்றார், அதோடு அந்த விஷயம் முடிந்தது.

முப்பதாம் லெவலில் என்ன இருந்தது என்பதை ஊரில் வயசானவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஊரைவிட்டுக் கப்பலேறிய கம்பெனி டாக்டர் ஒருவர் விட்டுப்போன இருபது இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜாஸ் கற்றுக்கொண்ட நாலு பேர் அப்போது இருந்தார்கள்: குழிக்குள் கூண்டை இறக்கி ஏற்றும் என்ஜின் டிரைவர் எட்வின், கிடார்; கீழே பாறை சரியாமல் மரக்கட்டை முட்டுக்கொடுக்கும் முனிரத்தினம், டிரம்; ஆபீஸ் கிளார்க் டென்சில், தன் உயரத்துக்கும் மேலான பெரிய பேஸ் என்கிற கம்பி வாத்தியம்; சுரங்க பேண்டில் ஊதும் தாவீது, கிளாரினெட். எழுபத்துமூன்றாம் வருஷம் மதராஸிலிருந்து ஒரு ரெக்கார்ட் கம்பெனி இவர்களைப் பதிவுசெய்ய வந்தது. ஊரில் எங்கே மைக் வைத்தாலும் பாறை நொறுக்கும் மில் இரவும் பகலும் இடிக்கிற இடி உள்ளே விழுந்தது. அந்த இடி கேட்காத ஒரே இடம் பூமிக்கடியில் மூவாயிரம் அடியில்தான் இருந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பதாம் லெவலில் வெடிமருந்து வைத்திருந்து காலியான அறைக்கு வாத்தியங்களையும் மெஷினையும் இறக்கி, காலையிலிருந்து சாயங்காலம் வரை வாசித்தார்கள். மெஷின் ஓடியது, நாடா சுற்றியது, மேலே கொண்டுவந்து போட்டுப் பார்த்தால் அதில் ஒன்றுமேயில்லை. பாறை குடித்துவிட்டது என்று சொல்லிக் கம்பெனிக்காரர் ஊருக்குப் போய்விட்டார். மூன்றாம் வாரம் கீழே பாறை வெடித்து முனிரத்தினம் செத்துப்போனார். அப்போது அவர் மனைவிக்கு ஏழு மாதம், வயிற்றிலிருந்தவள்தான் பொற்கொடி. டென்சில் ஆஸ்திரேலியா போனார். தாவீது நெஞ்சில் கல்தூசி அடைந்து எண்பதாம் வருஷம் போய்ச்சேர்ந்தார். எட்வின் அதற்குப் பிறகு கிடாரைத் தொடவில்லை. தகப்பனில்லாத குழந்தையைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும், அவள் பெரியவளானதும் நகராட்சி வேலைக்கு மனு எழுதி அலைவதுமாக இருந்தார். நல்ல சிநேகிதன், செத்தவனுக்குச் செய்கிறான் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

தினமும் மூன்றரைக்குக் கால்மணி நேரம் வரும் சத்தத்துக்கு ஊர் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பள்ளிக்கூட மணியைப் பத்து நிமிஷம் முன்னால் நகர்த்தினார்கள், மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கப்பட்டது, கறிக்கடைக்காரர் அந்த நேரத்தில் எலும்பு வெட்டுவதில்லை, சத்திரத்தில் ஒரு கல்யாணம் முகூர்த்தத்தைக் காலையில் முடித்துவிட்டு மாப்பிள்ளை பெண் ஊர்வலத்தை மூன்றரைக்குக் குழிப் பக்கமாக விட்டது. அனுமதியில்லாமல் சத்தம் போடுவதாக ஸ்டேஷனுக்கு மொட்டைக் கடுதாசி போனபோது, நோட்டீஸை யார் கையில் கொடுப்பது என்று தெரியாத ஏட்டு அதை வேலிக் கம்பியில் கட்டிவிட்டு நின்று கேட்டுவிட்டுப் போனார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிளாரினெட் சுருதி இறங்கியிருக்கிறது என்று தினமும் சொன்னார், தினமும் வந்தார். பாட்டுகளுக்குப் பெயரில்லாததால் ஊரே பெயர் வைத்தது: முதலாவது 'சங்கு', இரண்டாவது 'கூண்டு இறங்குது', நாலாவது, பேஸ் தனியாகத் தடுமாறித் தடுமாறி நடப்பது, 'சம்பள நாள்'. ஐந்தாவது பாட்டு ஒரு நாள் கால்மணி முடிந்து நடுவில் அறுந்து போக, மீதி என்னவாயிருக்கும் என்று ஊர் மறுநாள் மூன்றரை வரை சோறு இறங்காமல் கிடந்தது.

பாட்டு மட்டும் வரவில்லை, நடுவிலே பேசியதும் வந்தது. மூன்றாம் நாள், இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு குரல், "டீ மிச்சம் இருக்கா தாவீது?" என்று கேட்டது. வேலியோரம் நின்ற கிழவர்கள் பொற்கொடியைத் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயதில் அவள் கேட்ட தன் அப்பாவின் முதல் வார்த்தை அது. அவள் சாவியைத் தரையில் ஊன்றி, மேல்முனையில் தாடையை வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கடைசிச் சத்தம் வரை அசையாமல் நின்றாள். பாறை வெடித்துப் புருஷன் செத்த மற்றப் பெண்களும் வரத் தொடங்கினார்கள். தங்கள் ஆள் குரலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று நினைத்தார்கள். ஆறாம் நாள் யாருடையது என்று சொல்ல முடியாத ஓர் இருமல் வந்தது. அது தன் வீட்டுக்காரர் இருமல் என்று மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேரையும் யாரும் மறுக்கவில்லை.

அந்த வாரமே மதராஸ் கம்பெனியிலிருந்து மைதிலி என்கிற பெண் வந்தாள். அவளுடைய முதலாளியின் தகப்பனார்தான் அந்த வெறும் நாடாவைக் கொண்டுபோனவர். குழிவாயின் இரும்புக் கிராதிக்குள் நாலு மைக்குகளை இறக்கினாள்; இந்தத் தடவை மெஷின் எல்லாவற்றையும் பிடித்தது. "முப்பத்தெட்டு வருஷம் லேட்டா ஆல்பம் வெளியிடறோம் சார்," என்று எட்வினிடம் கை நீட்டினாள். எட்வின் கை கொடுத்தார், சிரித்தார், எல்லாப் பாட்டையும் போடப்போகிறீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். வயசு, மறதி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அது மறதியில்லை. எத்தனை பாட்டு என்று அவருக்குத் தெரியும். ஏழாவது பாட்டில் என்ன நடந்தது என்றும் தெரியும். குழி எதையும் விட்டுவைக்காமல் வரிசையாக மேலே அனுப்புகிறது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பத்தொன்பதாம் நாள் ஆறாவது பாட்டு முடிந்தது. இருபதாம் நாள் காலை பத்து மணிக்கு, சர்ச் பின்னால் பொற்கொடி வால்வைத் திருகிக்கொண்டிருந்த இடத்துக்கு எட்வின் வந்தார்.

"கொடி, வேலையா இருக்கியா?"

"இன்னும் ரெண்டு லைன் பாக்கி. சொல்லுங்க மாமா."

"ஏழாவது பாட்டு இன்னிக்கு ஆரம்பிக்கும். என் பாட்டு. ஏழு தட்டுக் கணக்கு, சுத்தி வர்ற எடம் கொஞ்சம் கஷ்டம். உங்கப்பன் அங்க அரைத் தட்டு பிந்துவான். மறுபடி ஆரம்பிப்போம், மறுபடி பிந்துவான். அப்ப நான் ஒண்ணு சொல்லுவேன்." நடந்ததை நடக்கப்போவதாகச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவளும் திருத்தவில்லை.

"இன்னா சொல்லுவீங்க?"

"இது கட்டை முட்டுக்கொடுக்கிற கை, வாத்தியம் வாசிக்கிற கை இல்லன்னு சொல்லுவேன். நாளைக்கே வேற ஆளப் பாக்கறேன்னு சொல்லுவேன். சொல்லிட்டுக் கிடாரத் தூக்கிகினு கூண்டுல ஏறி வந்துடுவேன்."

பொற்கொடி இன்னும் அரைச் சுற்றுத் திருகினாள். தரைக்கடியில் குழாய் உறுமித் தண்ணீர் ஓடத் தொடங்கியது.

"அப்புறம்?"

"ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தான். நான் உள்ள இருந்துகினே இல்லன்னு சொல்லச் சொன்னேன். அப்புறம் பாறை வெடிச்சுது. அன்னிக்கு என்ஜின்ல நான்தான் ஷிஃப்டு. ஆள் போயிட்டா மெதுவா இழுக்கச் சொல்லித் தனியா மணி அடிப்பாங்க. மணி அடிச்சுது, இழுத்தேன். யாருன்னு மேல வந்தப்புறம்தான் தெரிஞ்சுது."

சாவியை வால்விலிருந்து உருவித் தோளில் போட்டாள். அவரைப் பார்க்கவில்லை. "இத்தினி வருஷம் சைக்கிள்ல வெச்சு இட்டுகினு போனது இதுக்கா?"

"இதுக்குத்தான் ஆரம்பிச்சேன்," என்றார் எட்வின். "அப்புறம் இதுக்காக இல்ல."

அவள் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "ஊரோட சேந்து நானும் கேக்கறேன். நீங்களும் வரணும். வீட்ல இல்லன்னு சொல்லக்கூடாது."

எட்வின் போனார். வேலிக்கு முன்னால், எல்லாரும் பார்க்கும் இடத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஏழாவது பாட்டு வந்தது. ஆறு பாட்டையும்விட அழகானது அதுதான், மலைப்பாதையில் வண்டி வளைந்து வளைந்து ஏறுவது போல ஒவ்வொரு சுற்றிலும் உயர்ந்துகொண்டே போனது, உச்சி வளைவில் டிரம் அரைத் தட்டுப் பிந்தி எல்லாம் சரிந்தது. மறுபடி ஏறியது, மறுபடி சரிந்தது. நாலாவது தடவை சரிந்ததும் முப்பத்தொரு வயசுக் குரல் ஒன்று, கூர்மையாக, அவசரமில்லாமல், அவர் காலையில் சொன்ன வார்த்தைகளை ஒன்றுகூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது. பூட்ஸ் நடந்தது. கூண்டுக் கதவு சாத்தியது. மேலே வேலியோரம் அறுநூறு பேர் நின்றார்கள். சுரங்கத்தில் கட்டை முட்டுக்கொடுத்தவர்கள் அந்தக் கூட்டத்தில் ஐம்பது பேராவது இருந்தார்கள். அவர்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். எட்வின் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், கூட்டம் முழுசாகக் கலைகிற வரை.

பொற்கொடி மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் அவர் இருந்த லைனுக்குத் தண்ணீர் ஒரு நிமிஷம்கூடத் தாமதமாக வரவில்லை. எட்வினும் தினமும் மூன்றரைக்கு முக்காலியோடு வந்தார், ஏனென்றால் கச்சேரி முடியவில்லை. எட்வினோடும் மெஷின்காரரோடும் மேலே வந்த கூண்டு, ஞாயிற்றுக்கிழமை என்பதால், திரும்ப இறங்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மீதி மூன்று பேரும் அந்த இரண்டு மணி நேரமும் அங்கேதான் இருந்தார்கள். மெஷின் இல்லாத அந்த நேரத்தையும் பாறை வைத்திருந்தது, கணக்காக மேலே கொடுத்தது.

முதலில் முனிரத்தினத்தின் குரல் வந்தது. "அவன் சொன்னது தப்பு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா பிந்துனேன், அது நெசம்," என்றார். பிறகு குச்சியை எடுத்து அந்த ஒரு வளைவை மட்டும் தட்டத் தொடங்கினார். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு. பிந்தியது. மறுபடி. பிந்தியது. கால்மணி முடிந்தது, ஊர் கலைந்தது, மறுநாள் மூன்றரைக்கு அதே இடத்திலிருந்து, ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு, பிந்தியது.

எங்கள் ஊர் எத்தனையோ பார்த்திருக்கிறது, ஆனால் ஓர் ஆள் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வதை இப்படி ஊரே கூடி நாள் கணக்காகப் பார்த்ததில்லை. மாவு அரைத்துக்கொண்டே பெண்கள் ஏழு எண்ணினார்கள், பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் கம்பியில் தட்டிப் பார்த்துப் பிந்தினார்கள், ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள், தோள்பட்டை இறுகுவதால்தான் வரவில்லை என்றும், இல்லை, நாலுக்கும் மூணுக்கும் நடுவில் மூச்சு விடுகிறார், அதுதான் என்றும் வாதாடினார்கள், சுருதி வாத்தியார்கூட முதல் தடவையாகக் குறை சொல்லாமல், "நெருங்கிட்டான்," என்றார். செத்து முப்பத்தெட்டு வருஷம் ஆனவர் என்பது யார் பேச்சிலும் வரவில்லை. இன்றைக்கு வந்துவிடும், வராவிட்டால் நாளைக்கு வந்துவிடும் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் காலை பொற்கொடி எட்வின் வீட்டுக்கு வந்தாள். பரணிலிருந்து இறக்கிய கிடார் மேஜை மேல் இருந்தது. பெங்களூரிலிருந்து மைதிலி வாங்கிவந்த புதுக் கம்பிகளை எட்வின் பூட்டிக்கொண்டிருந்தார், மெல்லிசுக் கம்பியிலிருந்து.

"வாசிக்கப் போறீங்களா?"

"எனக்கும் இப்ப அந்த எடம் வரல கொடி. ராத்திரி பகலா தட்டிப் பாக்கறேன். விரல் வளைய மாட்டேங்குது. அவனுக்கு வந்துடும், எனக்குத்தான் வராது போல."

அவள் அடுப்பில் பாத்திரம் வைத்து டீ போட்டாள். ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "குடிச்சுட்டு வாசிங்க," என்றாள். தானும் அங்கேயே உட்கார்ந்து குடித்தாள். அன்றைக்கு ஜி லைனுக்குத் தண்ணீர் அரைமணி தாமதம், யாரும் கேட்கவில்லை.

எட்டாம் நாள் அந்த இடம் வந்தது. ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு, டிரம் வளைவில் ஏறித் தடுமாறாமல் அந்தப்பக்கம் இறங்கியது. முனிரத்தினம் நிறுத்தவில்லை, மறுபடி ஏறினார், இறங்கினார், பத்துத் தடவை, பதினைந்து தடவை, ஒரு தடவையும் பிந்தவில்லை. கூட்டத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. தட்டினால் அடுத்தது கேட்காது. கீழே முனிரத்தினம் மூச்சு வாங்கியது தெளிவாக வந்தது.

"வந்துடுச்சு," என்றார். "நாளைக்கு எட்வின் வூட்டுக்குப் போய் வாசிச்சுக் காட்டணும். கோவக்காரன், கதவத் தெறக்க மாட்டான், பரவால்ல, திருப்பித் திருப்பிப் போவேன்." அன்றைய கால்மணி அதோடு முடிந்தது. எட்வின் முக்காலியை விட்டு எழுந்தார். மைதிலியிடம் போய், நாளைக்கு இன்னொரு மைக் வேண்டும், மேலே, முக்காலிக்குப் பக்கத்தில் என்றார்.

மறுநாள், இருபத்தொன்பதாம் நாள், வேலியோரம் ஊரே நின்றது. மூன்றரை ஆயிற்று. "கூண்டு வர்றதுக்குள்ள முழுசா ஒரு தடவை," என்று முனிரத்தினம் குரல் சொன்னது. "எட்வின் இருக்கிற மாதிரியே வாசிங்க. அவன் எடத்த யாரும் ரொப்பாதீங்க, காலியா வுட்டுடுங்க." குச்சி மூன்று தட்டியது. பேஸ் நடந்தது, கிளாரினெட் எழுந்தது, டிரம் உருண்டது, கிடார் இருக்க வேண்டிய இடம் வாசல் திறந்த வீடு மாதிரி நின்றது. எட்வின் உள்ளே போனார்.

விரல் வளையாது என்றவர் வாசித்தார். முப்பத்தொரு வயசுக்காரன் வாசித்ததைப் போல இல்லை, சுருக்கமாக, ஒரு சுரம் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சுரம் மட்டும் வைத்து வாசித்தார். சுற்றுக்குச் சுற்று நாலு பேரும் ஏறினார்கள், மூன்று பேர் மூவாயிரம் அடி கீழேயும் ஒருவர் மேலேயும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. உச்சி வளைவு வந்தது. இந்தத் தடவை பிந்தியது எட்வின். அறுபத்தொன்பது வயசு மோதிரவிரல் அந்தக் கம்பிக்கு எட்டவில்லை, அரைத் தட்டு நழுவியது, கூட்டத்தில் ஏழு எண்ணிப் பழகிய ஒவ்வொருவரும் அதைக் கேட்டார்கள். கீழே டிரம் அவரைத் தாண்டிப் போகவில்லை. அரைத் தட்டு நேரம், குச்சியைத் தூக்கிய கை தூக்கியபடி இருந்தது போல, டிரம் காத்திருந்தது. எட்வினின் விரல் கம்பியைத் தொட்டதும் இரண்டும் சேர்ந்து விழுந்தன, நாலு பேரும் வளைவைத் தாண்டி அந்தப்பக்கம் இறங்கினார்கள்.

பாட்டு முடிந்ததும் கூண்டு வந்து நிற்கும் சத்தம், கதவு, பூட்ஸ், பிறகு ஒன்றுமில்லை. முப்பதாம் நாள் மூன்றரைக்கும் ஊர் வந்து நின்றது. தண்ணீர் ஏறும் சத்தம் மட்டும் வந்தது.

ஆல்பத்தை ஐப்பசியில் சென்னையில் வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் கம்பெனியில் ஒரு வாதம் நடந்தது: சண்டையை வெட்டிவிடலாம், எட்டு நாள் டிரம் பழகுவதை வெட்டிவிடலாம், கடைசிப் பாட்டில் அந்த அரைத் தட்டுக் காத்திருப்பைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துவிடலாம் என்றார்கள். எட்வின் சண்டை இருக்கட்டும் என்றார். பொற்கொடி மற்றது எல்லாமே இருக்கட்டும் என்றாள். மைதிலி இரண்டு பேர் பக்கமும் நின்றதால் பாட்டு ஓர் இசைத்தட்டிலும், டிரம் பழகிய இரண்டு மணி நேரம் இன்னும் இரண்டு தட்டிலுமாக வந்தது, அட்டையில் நாலு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். ஆஸ்திரேலியாவிலிருந்து டென்சில் பேசினார். அன்றைக்குக் கூண்டில் ஏறும்போது முனிரத்தினம் விசிலடித்துக்கொண்டே வந்தான் என்றும், அதைச் சொல்ல எட்வினுக்கு எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது என்றும் சொன்னார்.

வெளியீட்டு விழாவில் பெரிய பெரிய இசைக்காரர்கள் வந்து அந்தக் காத்திருப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். கடைசியில் டிரம் வாசித்தவரின் மகள் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பொற்கொடி மேடை ஏறி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"எங்கப்பாவுக்கு அந்த எடம் வர எட்டு நாளாச்சு," என்றாள். "நாங்க ஊரே கூட இருந்தோம்." அவ்வளவுதான் சொன்னாள், இறங்கி வந்து எட்வின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.